கழித்தலால் ஆன குரல்

பேட்டரி பொருத்தப்படாத மின்கிதாரின் உடலுக்குள் இருக்கும் மின்சுற்று, தந்திகளின் அதிர்விலிருந்து பெற்றதைவிட அதிகமாக எதையும் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதில்லை. அதிலுள்ள குமிழ்களும் சுவிட்சுகளும் மின்தேக்கிகளும், வந்து சேர்ந்த சமிக்ஞையில் ஒரு பகுதியைத் தடுக்கவோ, வேறு வழியில் திருப்பிவிடவோ, ஒரு சமிக்ஞையை மற்றொன்றுடன் எதிரெதிராக நிறுத்தி அழிக்கவோ மட்டுமே வல்லவை. ஆயினும் ஒரு கிதாரை மற்றொன்றிலிருந்து பிரித்தறியக் கேட்போருக்கு உதவும் பண்புகளில் பெரும்பகுதி இந்தச் சிறிய சுற்றுக்குள்தான் தீர்மானமாகிறது. கிதாரின் மரத்தைப் பற்றியும் வாசிப்பவரின் விரல்களைப் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டிருக்க, பின்மூடிக்குள் மறைந்துகிடக்கும் இணைப்புகள் பழுது பார்ப்பவரின் கவலையாக மட்டுமே கருதப்பட்டு வந்துள்ளன. அந்த இணைப்புகள் ஒவ்வொன்றும் எதை ஒலிக்கவிடுவது, எதைக் கழிப்பது என்பதைப் பற்றிய இசைத் தீர்மானங்கள் என்பதையும், அவற்றை அறிவது வாசிப்பவரின் கல்வியில் ஒரு பகுதி என்பதையும் கருவியின் வரலாறே எடுத்துக்காட்டுகிறது.

சுற்றின் தொடக்கம் பிக்கப் எனப்படும் உணரி. நிலையான காந்தம் ஒன்றைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிவிட்டால் பிக்கப் உருவாகிவிடுகிறது. காந்தம் தனக்கு மேலே செல்லும் எஃகுத் தந்தியின் சிறு பகுதியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம், 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல் விதிப்படி, சுருளில் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. நைலான் தந்திக்கு இந்த உணரி செவிடாகவே இருப்பதற்கும் இதுவே காரணம். லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் போஷாம் என்ற இசைக்கலைஞரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற கருவிப் பட்டறையாளரும் 1930களின் தொடக்கத்தில் இந்தத் தத்துவத்தைக் கொண்டு, வாணலியின் உருவத்தை ஒத்த ஒரு மடிக்கிதாரை உருவாக்கினர். அதற்கான காப்புரிமை 1937இல் போஷாமுக்கு வழங்கப்பட்டது. பின்னாளில் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இடம்பெற்ற பிக்கப்பில், மில்லிமீட்டரில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு தடிப்பமே உள்ள கம்பி சுமார் 8000 சுற்றுகள் சுற்றப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் கம்பி ஒரு கிலோமீட்டரையும் தாண்டும்.

பிக்கப்பின் அமைப்பைப் போலவே அது பொருத்தப்படும் இடமும் முக்கியமானது. அதிரும் தந்தியில் அடிப்படைச் சுரத்துடன் அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்களைக் கொண்ட மேற்சுரங்களும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தந்தியில் அசைவே இல்லாத சில புள்ளிகள் உண்டு. இயற்பியலில் அவை கணுக்கள் எனப்படும். பிக்கப் ஒரு மேற்சுரத்தின் கணுவுக்கு நேர் கீழே அமைந்துவிட்டால், தந்தியில் அந்த மேற்சுரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பிக்கப்புக்கு அது இல்லாததே. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்துப்பக்கப் பிக்கப், பிரிட்ஜ் எனப்படும் தந்தித்தாங்கியிலிருந்து தந்தியின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்குத் தொலைவில் அமைந்திருப்பதால், விரல் பதிக்காத திறந்த தந்தியை மீட்டும்போது நான்மடங்கு மேற்சுரம் அதில் மிக மெலிந்தே பதிவாகிறது. தந்தியின் வீச்சு அகன்றிருக்கும் அவ்விடத்தில் அடிப்படைச் சுரம் முழுமையாகவும் உருண்டையாகவும் கிடைக்கிறது. தாங்கியை ஒட்டிய பிக்கப்பிலோ வீச்சு குறைந்து, மேற்சுரங்களின் விகிதம் மிகுந்து, கூரிய ஒலி பிறக்கிறது. ஆகவே ஒரு கிதாரில் இரண்டு பிக்கப்புகள் இருப்பதன் பொருள், ஒரே தந்தியைப் பற்றி இரண்டு இடங்களிலிருந்து எழுதப்படும் இரண்டு முழுமையற்ற சாட்சியங்கள் கிடைக்கின்றன என்பதாகும். அவற்றில் எதை ஏற்பது, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதே சுவிட்சின் முன் நிற்கும் கேள்வி.

பிக்கப் தந்தியை மட்டும் கேட்பதில்லை என்பது இரண்டாவது சிக்கல். மாறிக்கொண்டே இருக்கும் எந்தக் காந்தப்புலமும் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பதால், கட்டடத்தின் மின்கம்பிகளும் மின்மாற்றிகளும் அதில் இரைச்சலாகப் பதிகின்றன. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலை அடித்தளமாகக் கொண்ட ரீங்காரம் அது. கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர், 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959இல் பெற்ற ஹம்பக்கர் அமைப்பில், இரைச்சலைத் தடுக்க முனையாமல் அதனை இரண்டு முறை உள்வாங்கி அழித்தார். அருகருகே வைக்கப்பட்ட இரண்டு சுருள்களில் ஒன்று மற்றொன்றுக்கு எதிர்த்திசையில் மின்னிணைப்புப் பெறுகிறது. இரண்டின் காந்தத் துருவங்களும் எதிரெதிராக அமைகின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத்தின் துருவம் ஒரு பொருட்டல்ல என்பதால், அது ஒரு சுருளில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் தோன்றி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் சமிக்ஞையோ சுருளின் திசையால் ஒரு முறையும் துருவத்தால் மற்றொரு முறையும் தலைகீழாகி, மீண்டும் நேராகி, இரு சுருள்களிலும் ஒன்றுகூடி வலுப்பெறுகிறது. மறுக்கப்பட்டது இரண்டாம் முறை மறுக்கப்படும்போது உறுதிப்படுகிறது என்ற தருக்க விதி, தாமிரத்திலும் காந்தத்திலும் இவ்வளவு துல்லியமாக உருக்கொண்ட இடங்கள் குறைவு. இந்த அமைதிக்கும் ஒரு விலை உண்டு. அகன்ற இரு சுருள் பரப்பும் மிகுந்த மின்தூண்டலும் மேல் அதிர்வெண்களில் சிலவற்றை விழுங்கிவிடுவதால் ஒற்றைச் சுருளின் பளிச்சிடும் தெளிவு இதில் கிடைப்பதில்லை. இரைச்சலோடு கூடிய தெளிவா, தெளிவு சற்று மங்கிய அமைதியா என்ற தெரிவில் இரு தரப்பும் இன்றுவரை தத்தம் நியாயத்துடன் நிற்கின்றன.

பிக்கப்பிலிருந்து புறப்படும் சமிக்ஞை அடுத்து வந்து சேருமிடம் வால்யூம் குமிழ். அதனடியில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர் என்னும் மாறுமின்தடை. மூன்று முனைகளைக் கொண்ட அதில், இரு ஓர முனைகளுக்கு இடையே கரிப்பாதை ஒன்று வளைந்திருக்க, நடுமுனையோடு இணைந்த தொடுகை அந்தப் பாதையின் மீது ஊர்ந்து, சமிக்ஞையை வெளியேறும் பங்காகவும் எர்த்துக்குச் செல்லும் பங்காகவும் பிரிக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கர்களுக்கு 500 கிலோ ஓம் என்ற வழக்கு, குமிழ் முழுதும் திறந்திருக்கும்போதும் அது சமிக்ஞையின் ஒரு பகுதியைக் கசியவிடுகிறது என்ற உண்மையிலிருந்து எழுந்தது. மின்தடை குறையக் குறைய உயர் அதிர்வெண்களின் கூர்மை மழுங்குகிறது. எனவே இயல்பிலேயே கூர்மை மிகுந்த பிக்கப்புக்குக் குறைந்த மின்தடையும், கூர்மை குறைந்ததற்கு அதிக மின்தடையும் பொருத்தப்படுகின்றன. டோன் குமிழ் இன்னும் நேரடியாகக் கழிக்கிறது. மின்தேக்கி உயர் அதிர்வெண்களை எளிதாகவும் தாழ் அதிர்வெண்களை அரிதாகவும் கடத்துவது. மாறுமின்தடையின் வழியாக அதனை எர்த்துடன் இணைத்துவிட்டால், குமிழைத் திருப்பும் அளவுக்கு ஒலியின் கூர்மை எர்த்துக்குள் வடிந்துவிடுகிறது.

இந்தக் கழித்தல் ஓர் எல்லையைத் தொடும்போது புதிய ஒன்று பிறப்பதுதான் வியப்புக்குரியது. சுருளின் மின்தூண்டலும் மின்தேக்கியின் கொள்திறனும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்கின்றன. அவ்விடத்தில் ஒலி ஒரு முகட்டைப்போல் எழுந்து, அதற்கு மேலே சரிகிறது. மின்தேக்கியே இல்லாத நிலையிலும் கிதாரை ஆம்ப்ளிஃபயருடன் இணைக்கும் கேபிள் தன் நீளத்துக்கேற்ற கொள்திறனோடு இதில் பங்கேற்கிறது. 2.5 ஹென்றி மின்தூண்டல் கொண்ட பிக்கப்பும் 600 பிக்கோஃபாரட் மொத்தக் கொள்திறனும் சேர்ந்தால் முகடு 4000 ஹெர்ட்ஸை ஒட்டி அமையும். கேபிளின் நீளம் ஏறத்தாழ இரு மடங்காகி மொத்தக் கொள்திறன் 1100 பிக்கோஃபாரட் ஆனால் அது 3000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மேடையில் கால்மாட்டில் கிடக்கும் கேபிளும் இவ்வகையில் இசைக்கருவியின் உறுப்பே. டோன் குமிழை முற்றிலும் மூடும்போது 0.022 மைக்ரோஃபாரட் மின்தேக்கி முழுமையாக இணைந்து, முகடு சில நூறு ஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழ்கிறது. எரிக் கிளாப்டன் 1967ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரீம் குழுவில் வாசித்தபோது புகழ்பெற்ற, மூக்கும் தொண்டையும் கலந்த மனிதக்குரலை நினைவூட்டும் ஒலி, டோன் குமிழ் மூடப்பட்ட இந்த நிலையிலிருந்து, ஆம்ப்ளிஃபயரின் உச்ச அழுத்தத்தோடு சேர்ந்து பிறந்தது. கூர்மை முழுவதையும் துறந்த இடத்தில் அடுத்த குரல் காத்திருந்தது.

சுவிட்சின் வரலாற்றில் அமைப்பாளரின் எண்ணத்துக்கும் வாசிப்பவரின் செவிக்கும் இடையிலான உறவு தெளிவாக வெளிப்படுகிறது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பழுதுபார்க்கும் கடையிலிருந்து தொழிலைத் தொடங்கிய லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கலைஞர்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்டு அவர் கருவிகளைத் திருத்தினார். 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயரைப் பெற்ற அவரது கிதாரில், 1952 முதல் 1967 வரை, சுவிட்சின் மூன்று நிலைகளில் ஒன்று கழுத்துப்பக்கப் பிக்கப்பை ஒரு மின்தேக்கியால் முற்றிலும் மழுங்கடித்து, பேஸ் கிதாரை ஒத்த ஒலியைத் தந்தது; இரு பிக்கப்புகளையும் ஒருசேர ஒலிக்கச் செய்யும் நிலை அந்தச் சுவிட்சில் இல்லை. இன்று டெலிகாஸ்டரின் இயல்பான நடுநிலையாகக் கருதப்படுவது 1967க்குப் பின் வந்த இணைப்பே. 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் மூன்று பிக்கப்புகளுக்கு மூன்று நிலைச் சுவிட்சே பொருத்தப்பட்டது; ஒரு நேரத்தில் ஒரு பிக்கப் என்பதே அமைப்பாளர்களின் திட்டம்.

ஆனால் அந்தச் சுவிட்சின் நகரும் தொடுகை, அடுத்தடுத்த இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் தொடும் அளவுக்கு அகலமாக இருந்தது. நெம்புகோலை இரண்டு நிலைகளுக்கு நடுவே கவனமாக நிறுத்தினால் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிப்பதை வாசிப்போர் கண்டுகொண்டனர். தந்தியின் இரு வேறு இடங்களில் எதிரெதிர்த் திசையில் அசையும் சில மேற்சுரங்கள் இந்தக் கூட்டில் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ள, நடுவில் குழிவிழுந்த, கண்ணாடி போன்ற தெளிவுடைய மெல்லொலி எஞ்சியது. இதனை எதிர்க்கட்ட (அவுட் ஆஃப் ஃபேஸ்) ஒலி என்று பலரும் வழங்கிவருவது தவறு. இரு பிக்கப்புகளும் ஒரே கட்டத்தில், பக்க இணைப்பில்தான் இருக்கின்றன, இழப்பு நேர்வது தந்தியின் வடிவத்தால்தான். கிதார் கலைஞர் மார்க் நாஃப்ளர் 1978இல் உலகெங்கும் கேட்கச் செய்த கிதார் ஒலி இவ்வகைப்பட்டது. வாசிப்போர் இருபதாண்டுகளுக்கும் மேலாகச் சுவிட்சை இடையில் நிறுத்திப் பழகியபின், 1977இல் ஃபெண்டர் நிறுவனம் ஐந்து நிலைச் சுவிட்சை வழக்கமான உறுப்பாக ஏற்றது. அமைப்பின் கட்டுப்பாட்டுக்குள் வராத ஓர் இடைவெளியில் பிறந்த ஒலியே இன்று அந்தக் கருவியின் அடையாள ஒலிகளில் முதன்மையானதாக மதிக்கப்படுகிறது.

இரண்டு சுருள்களைச் சேர்க்கும் வழிகளும் ஒன்றல்ல. பக்க இணைப்பில் அவை ஒரே பாதைக்கு இணையாக ஊற்றெடுப்பதால் ஒலி தெளிந்தும் மெலிந்தும் இருக்கும். தொடரிணைப்பில் ஒன்றின் மின்னழுத்தம் மற்றொன்றின் மேல் ஏறுவதால் ஒலி வலுத்துக் கருமை கொள்ளும். ஒன்றின் இரு முனைகளை மாற்றி இணைத்தால் கட்டம் தலைகீழாகி, இரண்டுக்கும் பொதுவான தாழ் அதிர்வெண்கள் அழிந்து, மூக்கால் பேசுவது போன்ற மெல்லிய ஒலி எஞ்சும். பிரையன் மே, மின்னணுவியல் வரைவாளராக இருந்த தம் தந்தை ஹெரால்டுடன் 1963இல் வீட்டிலேயே செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிதாரில், தொடரிணைப்பில் அமைந்த மூன்று பிக்கப்புகள் ஒவ்வொன்றுக்கும் இயக்கவும் நிறுத்தவும் ஒரு சுவிட்ச், கட்டத்தை மாற்ற ஒரு சுவிட்ச் என ஆறு சுவிட்சுகள் இடம்பெற்றன. குவீன் குழுவின் பாடல்களில் ஒரே கிதார் பல குரல்களில் ஒலிப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். ப்ளூஸ் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959ஆம் ஆண்டு லெஸ் பால் கிதாரில் இதே விளைவு திட்டமின்றி நேர்ந்தது. கழுத்துப்பக்கப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்ததால், இரு பிக்கப்புகளையும் சேர்க்கும் நடுநிலையில் அந்தக் கிதார் உள்ளீடற்ற, ஏங்கும் குரலில் ஒலித்தது. பட்டறையின் கணக்கில் குறையெனப் பதியத்தக்க ஒன்று, ஒரு தலைமுறையின் ப்ளூஸ் இசையில் பின்பற்றத்தக்க இலக்கணமாயிற்று.

இவ்வளவும் நிகழ்வது சில முழக் கம்பியிலும் சில ஈயப்பற்றுகளிலும்தான் என்பதால், அவற்றைச் செய்யும் கைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஃபெண்டர் தொழிற்சாலையில் பிக்கப்புகளைச் சுற்றியவர்களிலும் சுற்றுகளை இணைத்தவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். 1950களில் அங்கே சேர்ந்து பல பத்தாண்டுகள் பணியாற்றிய அபிகேல் இபார்ரா சுற்றிய பிக்கப்புகளைச் சேகரிப்போர் இன்று தேடி அலைகின்றனர். கையால் வழிகாட்டப்படும் கம்பி சீராகப் படியாமல் குறுக்கும் நெடுக்குமாக விழும்போது சுருளின் உட்கொள்திறன் மாறுகிறது. அந்த மாற்றமும் ஒலியில் கேட்கிறது. இணைப்பிலும் இதே நுட்பம் தேவை. சாலிடர் செய்யப்படும் இரு உலோகங்களும் போதிய சூடு ஏறாமல் ஈயம் மட்டும் உருகிப் படிந்தால், பார்வைக்கு இணைந்தும் மின்னளவில் இணையாமலும் நிற்கும் பற்று உருவாகி, நடுக்கச்சேரியில் ஒலி அறுபடும். மிகுதியாகச் சூடேற்றினாலோ பொட்டென்ஷியோமீட்டரின் உட்பாதை சேதமாகும். நிறங்களையும் நம்பிவிட இயலாது. சீமோர் டங்கன் நிறுவனத்தின் நான்கு கம்பி ஹம்பக்கரில் சமிக்ஞையைத் தருவது கறுப்பு. டிமார்ஸியோ நிறுவனத்தின் ஹம்பக்கரில் அது சிவப்பு. ஒன்றின் வரைபடத்தை வைத்து மற்றொன்றை இணைப்பவருக்கு நேர்வது பழுதன்று, எதிர்க்கட்டம். ஒலி வரும், ஆனால் உயிர் மெலிந்து வரும்.

எர்த் இணைப்பு தனிக் கவனத்துக்குரியது. பிரிட்ஜிலிருந்து ஒரு கம்பி சுற்றின் எர்த்துக்குச் செல்வதால் தந்திகள் அனைத்தும் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. வாசிப்பவர் தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் தணிவதற்குக் காரணம், அதுவரை மின்னிரைச்சலை ஏந்தி நின்ற அவரது உடல் எர்த்துடன் இணைந்து மறைப்புத் திரையாக மாறிவிடுவதே. அதே கம்பி, மேடையின் மின்வழங்கல் பழுதுபட்டிருந்தால் ஆபத்தின் வழியாகவும் ஆகும். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972இல் வேல்ஸின் ஸ்வான்சியில், முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து மேடையிலேயே உயிரிழந்தார். திருவிழா மேடைகளிலும் திருமண மண்டபங்களிலும் தற்காலிக மின்னிணைப்பில் வாசிக்கும் தமிழ்நாட்டு இசைக்குழுவினர், கிதாரை இணைக்கும் முன் மூன்றாம் முனையின் எர்த் சரியாக உள்ளதா எனச் சோதிப்பது சுருதி சேர்ப்பதற்கும் முந்திய கடமை.

சுற்றின் வாய்ப்புகளைப் பெருக்கிக்கொண்டே போவது இசையைப் பெருக்கும் என்று கொள்வதற்கில்லை. 1962இல் வந்த ஃபெண்டர் ஜாகுவாரில் தாளத்துக்கெனத் தனிச் சுற்றும், பிக்கப்புகளுக்குத் தனித்தனிச் சுவிட்சுகளும், தாழ் அதிர்வெண்களைக் குறைக்கும் சுவிட்சும் இருந்தன. அவற்றில் பலவற்றைத் தொடாமலே வாசித்தவர்கள் மிகுதி. எடி வான் ஹேலன் தாமே உறுப்புகளைச் சேர்த்து உருவாக்கி, 1978இல் வெளியான முதல் இசைத்தட்டில் வாசித்த கிதாரில், பிரிட்ஜ் பக்க ஹம்பக்கர் ஒன்றும் வால்யூம் குமிழ் ஒன்றுமே செயல்பட்டன. ஆறு சுவிட்சுகள் கொண்ட பிரையன் மேயின் கிதாரும் ஒற்றைக் குமிழ் கொண்ட இந்தக் கிதாரும் ஒரே கருத்துக்குச் சான்றாகின்றன. இரண்டிலும் வாசிப்பவரே இணைத்தார். தமக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதைத் தம் செவியால் அறிந்து இணைத்தார்.

கருவியின் ஒலியைத் தன் கையால் திருத்தும் பொறுப்பு தமிழ்நாட்டு இசைமரபுக்குப் புதிதன்று. மிருதங்கக் கலைஞர் கச்சேரிக்கு முன் இடந்தலையில் ரவையைப் பிசைந்து ஒட்டி, வாசித்துப் பார்த்து, கூட்டியும் குறைத்தும் தமக்கு வேண்டிய நாதத்தைத் தாமே அமைத்துக்கொள்கிறார். அதனை வேறொருவரின் வேலையென அவர் கருதுவதில்லை. எட்டுத் தந்திகள் கொண்ட மாண்டலினை ஐந்து தந்திகளுடைய மின்கருவியாக மாற்றிக்கொண்டதால்தான் யு. ஸ்ரீநிவாஸால் கர்நாடக இசையின் கமகங்களை நீண்டு நிலைக்கும் நாதத்தில் வாசிக்க முடிந்தது. பிக்கப் இல்லையேல் அந்த நாதமும் இல்லை. இத்தகைய முன்னோடி இருந்தும், இங்கே மின்கிதார் கற்பிக்கப்படும் இடங்களில் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது பாடமாக அரிதாகவே அமைகிறது. ஒரு திருப்புளி, ஒரு சாலிடரிங் இரும்பு, ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றோடு பின்மூடியைத் திறந்து, எந்தக் கம்பி எதைக் கொண்டுவருகிறது, எந்த மின்தேக்கி எதைக் கொண்டுபோகிறது என்று மாணவர் ஒரு முறை தொடர்ந்து பார்த்துவிட்டால், அதன்பின் அவர் குமிழைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அறிந்தே திருப்புவார். ஆகவே கிதார் ஆசிரியர்கள் ஸ்வர வரிசைகளுக்கும் கார்டுகளுக்கும் அடுத்த பாடமாகக் கருவியின் உள்ளிணைப்பைக் கற்பிக்க வேண்டும். மாணவர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.